அரசு ஏற்றுக்கொண்டால்தான் உங்களுக்குப் பணமா?

கோவையில் ஒப்பந்தங்களைப் படித்துத் திருத்திக் கொடுப்பது என் தொழில். முன்பெல்லாம் மில், பம்ப்செட், ஜாப் ஒர்க் சம்பந்தப்பட்ட காகிதங்கள்தான் மேசைக்கு வரும். இப்போது வீட்டிலிருந்தே வெளிநாட்டு நிறுவனங்களுக்கு ஃப்ரீலான்ஸ் வேலை செய்பவர்களும் வருகிறார்கள். அரசுகளின் காலநிலைச் செயல்திட்டங்களுக்கு வெள்ள வரைபடம் போடுபவர்கள், உமிழ்வுக் கணக்கு எடுப்பவர்கள் அவர்களில் சிலர். இவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு வரும் ஒப்பந்தங்களைப் பார்த்தால் எனக்கு மனசு பதறுகிறது.

போன வருடம் ஒரு பெண் வந்தார். ஐரோப்பாவில் இருக்கும் ஆலோசனை நிறுவனம் ஒன்றுக்காக, ஒரு மாநகராட்சியின் செயல்திட்டத்துக்குக் குப்பைக் கிடங்கு உமிழ்வைக் கணக்கிட்டுக் கொடுத்திருக்கிறார். "வேலைய முடிச்சுக் கொடுத்து ஏழு மாசம் ஆச்சுங்க மேடம். கேட்டா இன்னும் அப்ரூவல் வரலைங்கறாங்க" என்றார். ஒப்பந்தத்தை வாங்கிப் பார்த்தேன். ஒன்பதாம் பக்கத்தில் ஒரே வரி: பணியை நிறுவனமும் 'இறுதிப் பயனாளியும்' ஏற்றுக்கொண்ட 45 நாளுக்குள் பணம் தரப்படும். இறுதிப் பயனாளி யார்? மாநகராட்சி. அவர்களோடு இந்தப் பெண்ணுக்கு எந்த ஒப்பந்தமும் கிடையாது. போன் செய்து கேட்கக்கூட ஆள் கிடையாது.

அரசுத் திட்டம் ஒன்று எப்படி நகரும் என்று தெரிந்தவர்கள் இந்த வரியை விடமாட்டார்கள். வரைவு வரும், மக்கள் கருத்து கேட்பார்கள், துறைகள் திருத்தம் சொல்லும், அப்புறம்தான் வெளியீடு. சென்னையின் காலநிலைச் செயல்திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வரைவு 2022 செப்டம்பரில் கருத்துக்காக வந்தது. தமிழிலும் வேண்டும், கூடுதல் அவகாசம் வேண்டும் என்று மக்கள் கேட்டார்கள். இறுதி அறிக்கை 2023 ஜூனில்தான் வெளியானது. அந்தத் தாமதத்தை நான் குறை சொல்லமாட்டேன். 2050-க்குள் கார்பன் சமநிலை என்று இலக்கு வைக்கும் ஊரில், வெள்ளத்தில் நிற்கப்போகிறவர்களிடம் கேட்டுத்தான் ஆகவேண்டும். ஆனால் அந்த ஒன்பது மாதமும் வரைபடம் போட்டவர் வீட்டு வாடகையைக் கட்டியாகவேண்டுமே.

ஆகவே இதை மட்டும் வற்புறுத்திக் கேளுங்கள். ஒப்படைத்த 15 நாளுக்குள் எழுத்தில் குறை சொல்லாவிட்டால், வேலை ஏற்கப்பட்டதாகவே கொள்ளப்படும் என்று ஒரு ஷரத்து. நிறுவனத்துக்கு மேலிடத்திலிருந்து பணம் வந்தாலும் வராவிட்டாலும் உங்களுக்குத் தரவேண்டியது தரப்படும் என்று இன்னொன்று. முன்பணமாக மூன்றில் ஒரு பங்காவது கேளுங்கள். கேட்டால் வேலை போய்விடும் என்று பயப்படுகிறார்கள். நான் பார்த்தவரை, பெரும்பாலும் நாட்களைக் கூட்டிக் குறைத்துப் பேரம் பேசுவார்கள், அவ்வளவுதான்.

அதே பெண்ணுக்கு இன்னொரு அடியும் விழுந்திருந்தது. குப்பைக் கிடங்கிலிருந்து வரும் மீதேன் வாயுவைக் கரியமில வாயுவுக்கு ஈடாக மாற்ற ஒரு எண்ணால் பெருக்கவேண்டும். ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் நான்காம் அறிக்கையில் அது 25, ஐந்தாம் அறிக்கையில் 28. இவர் 25 வைத்துக் கணக்குப் போட்டார், நிறுவனமும் தலையாட்டியது. பிறகு மாநகராட்சி 28 கேட்டதாம். எண் ஒன்றுதானே என்று தோன்றும். ஆனால் இங்கே கோவை வெள்ளலூரில் இருப்பது மாதிரி ஒரு குப்பைக் கிடங்கு இருந்தால் ஊரின் மொத்தக் கணக்கே மாறும், அதோடு அட்டவணை, வரைபடம், இலக்கு எல்லாம் மாறும். மூன்று வாரம் சம்பளமில்லாமல் உட்கார்ந்து திருத்தியிருக்கிறார். எந்த அறிக்கையின் எண், எந்த ஆண்டின் தரவு, எத்தனை முறை இலவசத் திருத்தம் என்பதெல்லாம் ஒப்பந்த இணைப்பில் இருக்கவேண்டும். அதற்கு மேல் திருத்தம் என்றால் நாள் கூலி இவ்வளவு என்று எழுதிவிடுங்கள்.

வரைபட வேலை செய்கிறவர்கள் கவனிக்கவேண்டிய விஷயம் வேறு. 2021 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட புவியிடத் தரவு வழிகாட்டுதல்படி, கிடைமட்டத்தில் 1 மீட்டரைவிட, உயரத்தில் 3 மீட்டரைவிடத் துல்லியமான இந்தியத் தரவை இந்தியாவுக்குள்தான் சேமிக்கவும் கையாளவும் வேண்டும். வெள்ள வரைபடத்துக்கான உயரத் தரவு சுலபமாக இந்த அளவைவிடத் துல்லியமாகிவிடும். 'மூலக் கோப்புகள் அனைத்தையும் எங்கள் சர்வரில் ஏற்றவேண்டும்' என்ற ஷரத்தில் கண்ணை மூடிக் கையெழுத்துப் போட்டால், சிக்குவது நீங்கள்தான்.

உங்கள் உழைப்பு யாருக்குச் சொந்தம் என்பதும் உண்டு. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, ஊழியர் வேலையின் பகுதியாகச் செய்தது பொதுவாக முதலாளிக்குச் சொந்தம். சுயேச்சையாக வேலை செய்பவர் விஷயத்தில், உரிமையை எழுதிக் கொடுக்காதவரை பொதுவாக அவருக்கே சொந்தம். எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் அந்த உரிமை மாற்றம் 5 ஆண்டுக்குத்தான் என்று 19-ஆம் பிரிவு சொல்கிறது. வெளிநாட்டு நிறுவனங்கள் எல்லாவற்றையும் என்றென்றைக்கும் கேட்கும். கொடுங்கள், ஆனால் முழுப்பணம் வந்த நாளிலிருந்து என்று ஒரு சொற்றொடர் சேருங்கள். பணம் தராமல் உங்கள் வரைபடத்தை அச்சடிக்க அவர்கள் தயங்குவார்கள். நீங்களாக எழுதி வைத்திருக்கும் கணக்கீட்டு நிரல்கள் உங்களுடையவை என்றும் தனியே சொல்லிவிடுங்கள்.

வழக்கு வந்தால் எங்கே என்பதையும் பாருங்கள். 3 லட்ச ரூபாய்க்காக ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றம் ஏற முடியுமா? நீதிமன்றத்துக்குப் பதிலாக நடுவர் தீர்ப்பு, இணையவழி விசாரணை என்று கேட்டு வாங்குங்கள். வெளிநாட்டு நடுவர் தீர்ப்புகளை ஏற்பதற்கான 1958 நியூயார்க் உடன்படிக்கையில் 170-க்கும் மேற்பட்ட நாடுகள் இருக்கின்றன, அதனால் இங்கே பெற்ற நடுவர் தீர்ப்பை அங்கேயும் நிறைவேற்றக் கேட்கலாம்.

வரி விஷயத்தை ஆடிட்டரிடம் விட்டுவிடுகிறேன். ஒன்று மட்டும்: ஜிஎஸ்டி பதிவு இருந்தால், நிதியாண்டுதோறும் எல்யூடி என்ற உறுதிமொழிக் கடிதத்தைத் தாக்கல் செய்துவிட்டு, ஏற்றுமதிச் சேவையை வரி கட்டாமல் அனுப்பலாம். ஆனால் கையெழுத்துப் போடுவது அந்த நிறுவனத்தின் இந்தியக் கிளையாக இருந்தால் அது ஏற்றுமதியே ஆகாது. முதல் பக்கத்தில் யார் பெயர், எந்த ஊர் முகவரி என்று பாருங்கள்.

அந்தப் பெண்ணுக்குக் கடிதம் எழுதி, இரண்டு தவணையாகப் பணம் வந்து சேர மேலும் நான்கு மாதம் ஆனது. திருத்திய மூன்று வாரத்துக்கு ஒரு பைசா வரவில்லை. அடுத்த ஒப்பந்தத்தைக் கையெழுத்துக்கு முன்னாலேயே எடுத்துக்கொண்டு வந்தார். 15 நாள் கேட்டோம், 20 நாளுக்கு ஒத்துக்கொண்டார்கள்.