‘தி எக்ஸார்சிஸ்ட்’ படுக்கையறையில் வெளுத்த மூச்சு

1973 டிசம்பரில் வெளியான ‘தி எக்ஸார்சிஸ்ட்’ படம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது பேய் பிடித்த சிறுமியின் தலை முழுவட்டமாகத் திரும்பும் காட்சிதான். அது பொம்மை. அதைவிட என்னை உலுக்கியது, பேயோட்ட வந்த பாதிரியார்களின் வாயிலிருந்து வெள்ளையாகக் கிளம்பும் மூச்சு. படத்துக்கு மூலமான வில்லியம் பீட்டர் பிளாட்டியின் நாவல் 1971இல் வெளிவந்து பல லட்சம் பிரதிகள் விற்றது. அதிலேயே அந்தப் படுக்கையறை காரணம் தெரியாமல் சில்லிட்டுப் போகிறது. எழுத்தில் குளிரைச் சொல்லிவிடலாம். கேமராவுக்கோ குளிர் தெரியாது, மூச்சு மட்டும்தான் தெரியும்.

இயக்குநர் வில்லியம் ஃபிரெட்கின் குறுக்குவழி தேடவில்லை. நியூயார்க் ஸ்டுடியோவில் போட்ட படுக்கையறை செட்டையே குளிர்பதனக் கருவிகளால் உறைநிலைக்குக் கீழே கொண்டுபோனார்.

நாம் வெளிவிடும் காற்று ஏறக்குறைய 34 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இருக்கும். நுரையீரலின் ஈரத்தைச் சுமந்து வருவதால், கன மீட்டருக்குச் சுமார் 37 கிராம் நீராவி அதில் அடங்கியிருக்கும். மைனஸ் 10 டிகிரி அறைக்காற்றில் 2 கிராம் இருந்தாலே அதிகம். இரண்டும் சமபங்காகக் கலந்தால் என்ன ஆகும்? வெப்பநிலை 12 டிகிரி அளவுக்கு வரும். நீராவி கன மீட்டருக்கு 20 கிராமை ஒட்டி நிற்கும். ஆனால் 12 டிகிரிக் காற்று தாங்கக்கூடியது 11 கிராமுக்கும் குறைவு. மிஞ்சும் நீராவி அந்தக் கணமே நுண்துளிகளாகிவிடுகிறது. 34 டிகிரி வெப்பம் பாதியாகக் குறைந்தால் காற்றின் நீராவித் தாங்குதிறன் பாதியோடு நிற்பதில்லை, அதைவிட வேகமாகச் சரிகிறது. மூச்சு வெளுப்பதன் சூட்சுமம் இதுதான். இன்னும் சற்று நகர்ந்ததும் துளிகள் வறண்ட அறைக்காற்றில் கரைந்து மறைகின்றன.

துளிகள் உண்டானால் மட்டும் போதாது, அவை படத்தில் பதியவும் வேண்டும். சில மைக்ரோமீட்டர் அளவுள்ள துளி, தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியை அது வந்த திசையிலேயே முன்னோக்கிச் சிதறடிக்கும். விளக்கு கேமராவின் பக்கம் இருந்தால் மூச்சு மங்கிப்போகும். நடிகருக்குப் பின்னால், சுவர் இருட்டாக இருக்க, விளக்கு கேமராவை நோக்கியிருந்தால் பளிச்சென்று எழும்.

அந்த விளக்குகளே தொல்லையும் தந்தன. அக்காலப் படப்பிடிப்பு விளக்குகள் இழுக்கும் மின்சாரத்தில் பெரும்பங்கு வெப்பமாகத்தான் வெளியேறும். அவற்றை ஏற்றியதும் பாடுபட்டுச் சேர்த்த குளிர் கரையத் தொடங்கும். அதனால் கொஞ்ச நேரம் படம்பிடிப்பதும் மீண்டும் குளிரவைப்பதுமாக வேலை இழுத்தது. ஒருமுறை காற்றில் ஈரம் மிகுந்துபோக, குழுவினர் வருவதற்குள் செட்டுக்குள் மெல்லிய பனி படிந்திருந்ததாகச் சொல்வார்கள். இதில் மர்மம் எதுவும் இல்லை. அவ்வளவு குளிர்ந்த காற்றில் தாங்கமுடியாத நீராவி, நீராகாமல் நேரடியாகவே பனிப்படிகமாக மாறக்கூடும்.

பின்னாளில் வேலை சுலபமாகிவிட்டது. 1997இல் வந்த ‘டைட்டானிக்’ படத்தில், கடலில் மிதப்பவர்களின் மூச்சைக் கணினியில் சேர்த்தார்கள். கண்ணுக்கு அது சரியாகவே தெரிகிறது. எனக்கு மட்டும் ‘தி எக்ஸார்சிஸ்ட்’ அறைதான் ஒரு படி மேல். குளிரும்போது மூளையின் ஹைப்போதலாமஸ் தசைகளை நடுங்கவைத்து வெப்பம் உண்டாக்குகிறது. தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. மெல்லிய இரவு உடையில் அந்தக் கட்டிலில் கிடந்த சிறுமி லிண்டா பிளேருக்கு இதில் எதையும் நடிக்கவேண்டிய தேவை இருக்கவில்லை.