கிராஜுவிட்டி: 365ஆல் வகுத்து ஏமாற்றினால் நம்பாதீர்கள்

நாலு வருஷம் பத்து மாசம் வேலை பார்த்துவிட்டு நின்ற ஒருவர் கிராஜுவிட்டி, அதாவது வேலையை விட்டு நிற்கும்போது கம்பெனி தரவேண்டிய பணிக்கொடை, கேட்டபோது கிடைத்த பதில்: "மொத்தம் 1,765 நாள், 365ஆல் வகுத்தா 4.8தான் வருது, கிளம்புங்க." அவரும் கிளம்பி வந்துவிட்டார். இதைக் கேட்டதிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை.

கிராஜுவிட்டி 1972இல் சட்டமானது. இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு என்ற புதிய சட்டத்துக்குள் வந்துவிட்டது, ஆனால் நாள் கணக்கு அதேதான். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடம், ஐந்து வருடத் தொடர் பணி, இரண்டும் இருந்தால் கிடைக்கும். சிக்கலெல்லாம் அந்த 'வருடம்' என்ற சொல்லில்தான். 12 மாதத்தில் 240 நாள் வேலை செய்திருந்தாலே அது ஒரு முழு வருடம். வாரம் ஐந்து நாள் மட்டும் இயங்கும் இடமென்றால் 190 நாளே போதும். அதனால் நாலு வருடம் முடித்து ஐந்தாவதில் 240 நாள் தாண்டியவருக்கும் உரிமை உண்டு, சென்னை உயர் நீதிமன்றம் இதை ஏற்றிருக்கிறது. இருந்தும் பல எச்.ஆர். ஆட்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அலைய விடுவார்கள். ஆகவே ஐந்து வருடம் முழுசாக முடிய ராஜினாமா கடிதத்தை இன்னும் ரெண்டு மாசம் தள்ளிப்போட முடியுமென்றால் தள்ளிப்போடுங்கள்.

240ஐ எண்ணும்போது இன்னொரு தகிடுதத்தம் நடக்கும். ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்துவிடுவார்கள். சம்பளத்தோடு விடுகிற வார விடுமுறையும் வேலை நாள்தான் என்று தொழில் தகராறுச் சட்டத்தின் இதே 240 நாள் கணக்கில் உச்ச நீதிமன்றம் 1985லேயே சொல்லிவிட்டது. சம்பள விடுப்பு, 26 வாரம் வரையிலான மகப்பேறு விடுப்பு, வேலையில் அடிபட்டுப் படுத்த நாள், லே-ஆஃப் (வேலை தராமல் தற்காலிகமாக நிறுத்திவைத்த நாள்) எல்லாம் சேரும்.

சரி, தொகைக்கு வேறு கணக்கு, இதையும் அதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். இங்கே மிச்ச மாதம் ஆறைத் தாண்டினால் முழு வருடம், தாண்டாவிட்டால் பூஜ்யம். கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து 26,000 ரூபாய் என்று வையுங்கள்: 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கினால் ஒரு வருடத்துக்கு 15,000, நம் 4 வருடம் 10 மாதக்காரருக்கு ஐந்து வருடம், ஆக 75,000. மாதத்துக்கு 30 நாள்தானே என்று 30ஆல் வகுத்துக் கொடுத்தால் 65,000தான் வரும். பத்தாயிரம் போச்சு.

அப்புறம், விண்ணப்பத்தைக் கையில் கொடுத்துவிட்டு வராதீர்கள், "வரவே இல்லையே" என்பார்கள். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வையுங்கள். வேலையை விட்டு 30 நாளுக்குள் அனுப்புவது நல்லது, ஆனால் தாமதம் என்ற ஒரே காரணத்துக்காக மறுக்க முடியாது. 30 நாளுக்குள் பணம் வராவிட்டால் வட்டியும் சேர்த்துத் தர வேண்டும், கேட்டால்தான் தருவார்கள், கேளுங்கள். அதற்கும் அசையாவிட்டால் தொழிலாளர் துறையில் கிராஜுவிட்டி தகராறுகளை விசாரிக்கும் அதிகாரியிடம் மனு கொடுங்கள். சம்பளச் சீட்டு, பி.எஃப். பாஸ்புக், வருகைப் பதிவின் ஃபோட்டோ இதையெல்லாம் வேலையில் இருக்கும்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், நின்ற பிறகு கேட் தாண்டி உள்ளே விடமாட்டார்கள்.