தேர்வு தேதி தெரியாத உடம்பு

இரவு 2 மணி. மடிக்கணினியில் பதிவு செய்த வகுப்பு ஓடுகிறது. பன்னிரண்டாவது நிமிடத்தில் நிறுத்தி, பின்னால் இழுத்து, திரும்ப ஓடவிட்டு, மறுபடி அதே பன்னிரண்டாவது நிமிடம். பேராசிரியர் சொன்னது காதில் விழுகிறது, மண்டையில் ஏறவில்லை. பக்கத்தில் செல்பேசியில் ஓர் அறிவிப்பு: 'தேர்வு தேதி பின்னர் தெரிவிக்கப்படும்.'

கொரோனா பெருந்தொற்று பரவிய 2020-இல் எத்தனையோ நாடுகளில் மாணவர்கள் இப்படி உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஏப்ரலில் கல்வி நிலையங்கள் மூடப்பட்டதால் பாதிக்கப்பட்டவர்கள் 150 கோடிக்கும் மேல் என்று யுனெஸ்கோ கணக்கிட்டது. வீட்டில் சும்மா இருப்பவர்களுக்கு என்ன மன அழுத்தம் என்று அப்போது பலர் கேட்டார்கள். அந்தக் கேள்வி எனக்கு இன்றும் வலிக்கிறது. சும்மா இருந்த அந்த உடம்புக்குள் நடந்தது கொஞ்சநஞ்சமில்லை.

ஆபத்து என்று மூளை முடிவு செய்ததும் முதலில் அட்ரீனலின் பாய்கிறது, நெஞ்சு படபடக்கிறது. அடுத்த சில நிமிடங்களில் மெதுவான இன்னொரு வேலை தொடங்குகிறது. மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ் அதன் கீழிருக்கும் பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்ல, பிட்யூட்டரி சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிக்குச் சொல்ல, அங்கிருந்து கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் சுரக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது, அவசரமில்லாத வேலைகள் தள்ளிப்போகின்றன. தண்ணீர்த் தொட்டி நிரம்பியதும் மிதவை எழுந்து குழாயை அடைப்பதுபோல, போதுமான கார்டிசால் வந்ததும் மூளை அதை உணர்ந்து உத்தரவை நிறுத்திக்கொள்கிறது. வழக்கமான செமஸ்டரில் நடப்பது இதுதான். தேர்வு வரும், பதற்றம் ஏறும், தேர்வு முடியும், இரண்டு நாள் தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்.

பெருந்தொற்றில் அந்த 'முடியும்' வரவேயில்லை. அது ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்பதை லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் நடந்த ஒரு சோதனை காட்டுகிறது. அதன் முடிவு 2016-இல் வெளியானது. 45 பேரைத் திரைமுன் உட்கார வைத்தார்கள். திரையில் பாறைகள், அடியில் பாம்பு இருக்குமா இல்லையா என்று ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் வலிக்கும்படி ஒரு மின்னதிர்ச்சி. கண்ணின் பாவை எவ்வளவு விரிகிறது, தோலில் எவ்வளவு வியர்க்கிறது என்று அளந்துகொண்டே இருந்தார்கள். அதிர்ச்சி நிச்சயம் என்று தெரிந்தபோது அழுத்தம் உச்சத்துக்குப் போகவில்லை. பாதிக்குப் பாதி வாய்ப்பு, எப்படியும் போகலாம் என்ற நிலையில்தான் உச்சம் தொட்டது. அடி விழும் என்று தெரிந்தால் உடம்பு அதற்குத் தயாராகிவிடும். விழுமா விழாதா என்பதற்குத் தயாராக வழியே இல்லை.

இப்போது அந்த மாணவரின் பாறைகளை எண்ணிப் பாருங்கள். தேர்வு நடக்குமா? நேரிலா, ஆன்லைனிலா? கிடைத்த வேலை நிலைக்குமா? அம்மாவுக்கு வந்திருப்பது சாதாரணக் காய்ச்சலா? ஒரே நாளில் நான்கு பாறை, மாதக்கணக்கில். இப்படி ஓயாத அழுத்தத்தால் உடம்பில் சேரும் தேய்மானத்துக்கு 1993-இல் புரூஸ் மெக்வென், எலியட் ஸ்டெல்லர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் பயன்படுத்திய பெயர் 'அலோஸ்டாடிக் சுமை'.

அப்புறம் தூக்கம். கார்டிசாலுக்கு ஒரு நாள்கணக்கும் உண்டு: காலையில் விழித்து அரை மணி, முக்கால் மணிக்குள் உயர்ந்து, பொழுது சாயச்சாய இறங்கும். இதை நடத்தும் மூளைக் கடிகாரத்தைத் தினமும் திருத்துவது காலை வெளிச்சம். இருபது வயதை ஒட்டியவர்களுக்கு அந்தக் கடிகாரம் இயல்பாகவே கொஞ்சம் பின்தங்கி ஓடும். காலை வகுப்புக்கு முனகிக்கொண்டே நடந்துபோனபோது கண்ணில் பட்ட வெயில்தான் அதை இழுத்துப் பிடித்திருந்தது. வகுப்பு படுக்கைக்கே வந்ததும் அந்தப் பிடி விட்டுப்போனது. அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் மாணவர்கள் தாங்களே சம்மதித்துச் செல்பேசியில் வைத்திருந்த ஒரு ஆய்வுச் செயலி, பெருந்தொற்று தொடங்கிய பருவத்தில் அவர்களின் நடமாட்டம் சுருங்கியதையும், அவர்கள் தெரிவித்த பதற்றமும் மனச்சோர்வும் கூடியதையும் பதிவு செய்தது.

தனிமையையும் விட முடியாது. பெருந்தொற்றுக்கு முன்பே அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிலரைப் பத்து மணி நேரம் யாரோடும் பேசவிடாமல் இருக்கச் செய்து, பிறகு மனிதர்கள் கூடியிருக்கும் படங்களைக் காட்டினார்கள். பத்து மணி நேரம் பட்டினி கிடந்தவர் சாப்பாட்டுப் படத்தைப் பார்க்கும்போது நடுமூளையில் எது துடிக்குமோ, அதே பகுதி துடித்தது.

சரி, அந்தப் பன்னிரண்டாவது நிமிடம்? கேட்டதைச் சில நொடி பிடித்துவைத்து அடுத்த வரியோடு கோக்கும் வேலையை நெற்றிக்குப் பின்னாலிருக்கும் மூளைப் பகுதி செய்கிறது. நீடித்த அழுத்தமும் தூக்கக் குறைவும் முதலில் பதம் பார்ப்பது அந்தப் பகுதியைத்தான். அந்தப் பிள்ளையைச் சோம்பேறி என்றவர்கள் இதைத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

தினமும் ஒரே நேரத்தில் எழுவது, காலை வெளிச்சத்தில் நடப்பது, ஒருவரோடாவது வாய்விட்டுப் பேசுவது எல்லாம் உதவும். நிர்வாகம் ஒரு தேதியை உறுதியாகச் சொன்னாலே ஒரு பாறை குறையும். சிலருக்கு இவ்வளவு போதாது. மனச்சோர்வை அளக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் பிஹெச்க்யூ-9 என்ற படிவம் கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்விகள் கேட்கும்: தூக்கம், பசி, கவனம், ஆர்வம் என்று. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ தோன்றியதா என்பது. அதற்குச் 'சில நாள்' என்று பதில் வந்தால் கூட்டுத்தொகைக்குக் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே யாராவது அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேச வேண்டும், மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும்.