பாராகிராஃப் 175: பத்தியா, பிரிவா?

‘பாராகிராஃப் 175’ என்று ஓர் ஆவணப்படம் இருக்கிறது. ராப் எப்ஸ்டீன், ஜெஃப்ரி ஃப்ரீட்மன் இருவரும் எடுத்து 2000இல் வெளியானது. நாஜி ஆட்சியில் சிறையும் வதைமுகாமும் கண்டு உயிரோடு மீண்ட தன்பாலீர்ப்பு ஆண்கள் சிலர், தள்ளாத வயதில் கேமராமுன் உட்கார்ந்து பேசுகிறார்கள். இதைப் பற்றித் தமிழில் எழுத முனைந்தால் தலைப்பிலேயே கால் தடுக்கும். அகராதியைத் திறந்தால் ‘பத்தி’ என்றிருக்கும். ‘பத்தி 175’ என்று போட்டால், ஏதோ நீண்ட கட்டுரையின் நடுத்துண்டு என்றுதான் தோன்றும்.

சொல்லின் வேர் கிரேக்கம். ‘பாரா’ என்றால் பக்கத்தில். ‘கிராஃபைன்’ என்றால் எழுதுதல். பழைய கிரேக்கச் சுவடிகளில் பேச்சோ பொருளோ மாறும் இடத்தைக் காட்ட வரியோரம் சிறு கோடு இழுப்பார்கள். அந்தக் கோட்டுக்குத்தான் முதலில் இந்தப் பெயர். பிற்பாடு கோடு பிரித்துக்காட்டிய எழுத்துத் துண்டுக்கே அது பெயராகிவிட்டது. நாம் பாரா பாராவாக எழுதித் தள்ளுவது ஆங்கிலம் வழியாக வந்த இந்தப் பொருளில். ஜெர்மானியர்கள் பாராகிராஃப் என்பது சட்டநூலின் எண்ணிட்ட பிரிவை. கட்டுரையின் பத்திக்கு அவர்களிடம் ‘அப்ஸாட்ஸ்’ என்று வேறு சொல் இருக்கிறது. ஆகவே தமிழில் ‘சட்டப்பிரிவு 175’, சுருக்கமாகப் ‘பிரிவு 175’. பிரிவு 377 என்று செய்தித்தாளில் படித்துப் பழகியவர்களுக்கு இதில் சிரமமே இல்லை.

சரி, அந்தப் பிரிவு என்ன சொன்னது? 1871இல் இயற்றப்பட்ட ஜெர்மானியக் குற்றவியல் சட்டத்தில், ஆண்களுக்கிடையே நடக்கும் ‘இயற்கைக்கு மாறான ஒழுக்கக்கேடு’ குற்றம் என்றது. 1935இல் நாஜிகள் அதைத் திருத்தியபோது ‘இயற்கைக்கு மாறான’ என்ற அடைமொழியை நீக்கினார்கள். கடுஞ்சொல் போனால் சட்டம் இளகியிருக்கும் என்றுதானே நினைப்போம்? வலைதான் அகன்றது. அதுவரை உடலுறவு போன்ற செயலை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது; அதன்பின் தொடுகை, ஏன், ஒரு பார்வைகூடப் போதும் என்றாயிற்று. நாஜி ஆட்சியில் ஏறத்தாழ 1 லட்சம் பேர் கைதானார்கள். சுமார் 50,000 பேருக்குத் தண்டனை. 5,000 முதல் 15,000 பேர் வரை வதைமுகாம்களுக்குப் போனார்கள். அங்கே பலருடைய சட்டையில், தன்பாலீர்ப்பு ஆண் என்று அடையாளம் காட்டும் இளஞ்சிவப்பு முக்கோணம்.

எண்ணே வசையாகவும் ஆனது. ஏமாற்றுக்காரனை நாம் ‘ஃபோர் ட்வென்டி’ என்பது, 2024 வரை நடப்பிலிருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 420ஆம் பிரிவால். அதேபோல ஜெர்மனியில் ‘நூற்றெழுபத்தைந்துக்காரன்’. ‘அவன் மே 17இல் பிறந்தவன்’ என்று பூடகமாகவும் சொல்வார்கள், தேதியை 17.5 என்று எழுதிப் பார்த்தால் விஷயம் புரியும்.

இதை ‘நாஜிச் சட்டம்’ என்று எழுதுவோரும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. நாஜிகளுக்கு முன்பே இருந்தது, அவர்கள் போன பின்னும் இருந்தது. செபாஸ்டியன் மைஸே இயக்கிய ‘பெரும் விடுதலை’ (2021) படத்தின் நாயகன் ஹான்ஸை வதைமுகாமிலிருந்து மீட்கிறார்கள்; ஆனால் வீட்டுக்கு அனுப்பவில்லை, மீதித் தண்டனையைக் கழிக்க நேரே சிறைக்கு அனுப்புகிறார்கள். கற்பனைக் கதைதான், ஆனால் உண்மையிலும் அப்படி நடந்தது. மேற்கு ஜெர்மனி அந்த 1935ஆம் ஆண்டு வாசகத்தையே 1969 வரை வைத்திருந்தது.

இவற்றுக்கெல்லாம் முந்தையது ‘மற்றவர்களினின்று வேறானவன்’ என்ற 1919ஆம் ஆண்டு மௌனப்படம். ரிச்சர்ட் ஓஸ்வால்ட் இயக்கியது. பிரிவு 175ஐ நீக்கப் போராடிய மருத்துவர் மாக்னுஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் எழுத்தில் பங்கெடுத்து, நடித்தும் இருக்கிறார். மிரட்டிப் பணம் பறிப்பவனிடம் சிக்கிய வயலின் கலைஞன் வழக்கில் தண்டிக்கப்பட்டுத் தற்கொலை செய்துகொள்கிறான். கடைசியில் சட்டப்புத்தகம் விரிந்து கிடக்க, ஒரு கை தூரிகையால் 175ஆம் பிரிவின் மேல் கோடு இழுத்து அடிக்கிறது. அந்தக் கோடு நிஜத்தில் விழ 1994 ஆயிற்று.