பீரோவில் அந்துருண்டை இருக்கிறதா என்று ஏன் கேட்கிறேன்?

பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை ஏறிக்கொண்டே போனால், கூட வந்த பாட்டியிடம் நான் தவறாமல் கேட்பது: "குழந்தைக்குச் சுற்றியிருக்கிற துணி பீரோவில் இருந்ததா? அந்துருண்டை போட்டிருந்தீர்களா?" பழைய பருத்திச் சேலை, மூத்த பிள்ளையின் சட்டை என்று பத்திரப்படுத்தியதைத்தானே எல்லோரும் எடுப்போம். துணியில் குற்றமில்லை, அந்த வாசனைதான் வில்லங்கம்.

அந்துருண்டையில் இருக்கும் நாப்தலின் மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உள்ளே போகும். எண்ணெய் தடவிய உடம்பென்றால் இன்னும் சுலபம். உடலுக்குள் அது மாறி உண்டாகும் பொருட்கள் சிவப்பணுக்களைத் தாக்கும். அந்தத் தாக்குதலைத் தாங்க ஜி6பிடி என்ற நொதி வேண்டும்.

நொதி ஒரு வினையூக்கி. குளுக்கோஸிலிருந்து வந்த மூலக்கூறு அதன் பள்ளத்தில் பொருந்தி, ஹைட்ரஜனைக் கொடுத்துவிட்டு விலகும். நொதி அப்படியே இருக்கும், உடனே அடுத்த மூலக்கூறைப் பிடிக்கும். அந்த ஹைட்ரஜன்தான் கடைசியில் குளூட்டாதயோன் என்ற காப்புப் பொருளுக்குப் போய்ச் சிவப்பணுவைக் காக்கிறது. மற்ற செல்களுக்கு வேறு வழிகளும் உண்டு. மைட்டோகாண்ட்ரியா இல்லாத சிவப்பணுவுக்கு இது ஒன்றுதான் வழி. உட்கருவும் இல்லாததால் புதிதாக நொதி செய்துகொள்ளவும் முடியாது. உருவானபோது கொண்டுவந்ததை வைத்தே சுமார் 120 நாள் ஓட்ட வேண்டும்.

வேலை செய்வதால் நொதி செலவாகாது என்பதால், கொஞ்சமே இருந்தாலும் சாதாரண நாட்கள் ஓடிவிடும். உலகில் சுமார் 40 கோடி பேருக்கு இந்த நொதிக் குறைபாடு உண்டு. பலருக்குத் தெரியவே தெரியாது. நாப்தலினோ, மலேரியாவுக்கான பிரைமாகுயினோ, தொழுநோய்க்கான டாப்சோனோ உள்ளே போகும்போதுதான் குட்டு வெளிப்படும். அணுக்கள் உடையும், முகம் வெளுக்கும், சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போகும். பச்சிளம் குழந்தை என்றால் அதனால் ஏறும் காமாலை மூளையைப் பாதிக்கும் அளவுக்குப் போகலாம். வெயிலில் காட்டிக்கொண்டு வீட்டிலேயே காத்திருக்காதீர்கள்.

மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆண் குழந்தைகளுக்கே அதிகம் வரும். தாய்மாமனுக்கு இப்படி ஏதாவது வந்ததா என்று விசாரிப்பது அதனால்தான்.

அப்புறம், பரிசோதனை செய்யும் நேரம். அணுக்கள் உடைந்த கையோடு ரத்தம் எடுத்தால் ரிப்போர்ட் 'நார்மல்' என்று வரலாம். நொதி தேய்ந்த கிழ அணுக்கள் அழிந்து, நொதி அதிகமுள்ள இளம் அணுக்களே அப்போது மிஞ்சியிருக்கும். சந்தேகம் இருந்தால் சுமார் மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்வேன். குறைபாடு உறுதியானால் ஃபைலின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதி வையுங்கள். எந்த டாக்டரிடம் போனாலும் மருந்து எழுதும் முன் சொல்லுங்கள்.