விக்னெட்: மூலையிருட்டும் ஓரக்கருக்கலும்

புதுச்சேரி, கடலூர் பக்கம் நிலக்காட்சிப் படம் எடுக்கிற நண்பர்கள் கூடி ஒருவர் படத்தை இன்னொருவர் பார்த்துக் கருத்துச் சொல்லும்போது தவறாமல் வந்துவிடுகிற சொல் விக்னெட். ‘விக்னெட் கொஞ்சம் தூக்கலா இருக்கு’ என்பார் ஒருவர். ‘லேசா விக்னெட் போட்டா கண்ணு படகுமேல நிக்கும்’ என்பார் அடுத்தவர். ‘இந்த லென்ஸே அப்படித்தான், விக்னெட் ஜாஸ்தி’ என்று மூன்றாமவர் முடித்து வைப்பார். மூன்று பேரும் ஒரே சொல்லைத்தான் சொல்கிறார்கள், ஆனால் ஒரே விஷயத்தைச் சொல்லவில்லை. முதல் இருவர் பேசுவது எடிட் செய்தவர் கையால் போட்டதைப் பற்றி, மூன்றாமவர் பேசுவது லென்ஸ் தானாகச் செய்ததைப் பற்றி. கேட்டுக்கொண்டிருக்கும் புதியவர் எதைத் திருத்துவார்?

பொருள் என்னவோ எளிதுதான். படத்தின் நடுப்பகுதியைவிட ஓரங்களிலும் மூலைகளிலும் வெளிச்சம் படிப்படியாக மாறி, பெரும்பாலும் குறைந்து தெரிவதுதான் விக்னெட்.

சொல் பிரெஞ்சு. அதனால் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட புதுச்சேரிக்கு ஒரு வகையில் சொந்தமும்கூட. பிரெஞ்சில் ‘வீஞ்’ என்றால் திராட்சைக்கொடி, ‘விஞெத்’ என்றால் சின்னத் திராட்சைக்கொடி. ஆங்கிலம் வழியாக எழுத்தைப் பார்த்துப் படித்ததால்தான் நம் வாயில் அது ‘விக்னெட்’ ஆனது. உண்மையில் நடுவில் இருப்பது ஞகரம், ஆங்கிலத்துக்கு அதற்கென்று தனி எழுத்து இல்லை, நமக்கு இருக்கிறது. பழைய கையெழுத்துப் பிரதிகளிலும் பிறகு அச்சுப் புத்தகங்களிலும் பக்க ஓரத்திலோ அத்தியாயத் தலைப்பிலோ சுருள் சுருளாகத் திராட்சைக்கொடியும் இலையும் வரைந்து வைப்பார்கள், அந்த அலங்காரத்துக்குத்தான் முதலில் இந்தப் பெயர். நம் கோயில் நிலைக்கால்களிலும் தூண்களிலும் சிற்பிகள் செதுக்குகிற சுருள் கொடி வேலைக்குக் கொடிக்கருக்கு என்று பெயர் இருக்கிறது. சிதம்பரம் போகிறவர்கள் அடுத்த முறை கோபுர வாசலில் தலைக்குமேல் பார்ப்பதோடு பக்கவாட்டிலும் ஒரு பார்வை பார்க்கலாம். விக்னெட்டின் முதல் பொருளுக்குக் கொடிக்கருக்கைவிடப் பொருத்தமான சொல் தேடினாலும் கிடைக்காது.

அப்புறம் கொடி போய், அது இருந்த இடத்தில் சின்னச் சின்னப் படங்கள் வந்தன. சட்டம், கட்டம் எதுவும் இல்லாமல் ஓரம் மெல்லத் தேய்ந்து வெள்ளைத் தாளோடு கலந்துவிடுகிற படங்கள் அவை. பெயர் மட்டும் பழையதே ஒட்டிக்கொண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஃபோட்டோ ஸ்டுடியோக்காரர்கள் இந்தப் பாணியைப் பிடித்துக்கொண்டார்கள். நெகட்டிவுக்கு மேலே முட்டை வடிவத்தில் வெட்டிய அட்டையை வைத்து ஒளி காட்டி அச்செடுத்தால், முகம் தெளிவாகவும் தோளுக்குக் கீழே எல்லாம் கரைந்து வெண்மையாகவும் வரும். பழைய வீடுகளின் கூடத்தில் மாட்டியிருக்கிற தாத்தா, பாட்டி படங்களில் இதைப் பார்த்திருப்பீர்கள். ஆக, படக்கலைக்குள் இந்தச் சொல் வந்தபோது அது குறித்தது வெண்மையை. இன்று நாம் விக்னெட் என்றதும் கருமையை நினைக்கிறோம். சொல் அப்படியே நிற்க, பொருள் தலைகீழாகிவிட்டது. பிரெஞ்சிலேயே இன்னும் பல கிளைகள் உண்டு, படக்கதையின் ஒரு கட்டமும் விஞெத்தான். சுவிட்சர்லாந்தில் 1985 முதல் நெடுஞ்சாலையில் போகக் கார்க் கண்ணாடியில் ஒட்டுகிற கட்டண ஒட்டுத்தாளுக்கும் அதே பெயர்.

சரி, லென்ஸ் செய்வது எப்படி? அதற்குக் காரணங்கள் பல, கருத்துச் சொல்கிறவருக்கு அவை தெரிந்திருப்பது நல்லது. லென்ஸுக்குள் ஒளி நுழைகிற துளையான அபர்ச்சரை முழுதாகத் திறந்து எடுத்தால், சாய்வாக வருகிற ஒளியில் ஒரு பகுதியை லென்ஸின் குழலே மறைத்துவிடும், அதனால் மூலைக்கு ஒளி குறையும். எஃப் எண் கூடக்கூடத் துளை சுருங்கும், எஃப் 2.8-இல் தெரிந்த இருட்டு எஃப் 8-க்குப் போனால் பெரும்பாலும் மறைந்துபோகும். இன்னொரு குறைவு சாய்ந்து வரும் ஒளியின் இயல்பிலேயே இருக்கிறது. கோணத்தின் கோசைன் மதிப்பின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப ஒளி குறையும் என்பது எளிய லென்ஸுக்கான விதி. 45 டிகிரி என்றால் நடுவில் விழுவதில் கால் பங்குதான் விழும், அதாவது இரண்டு ஸ்டாப் குறைவு (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும்). அபர்ச்சரைச் சுருக்கினாலும் இது போகாது, அதனால்தான் அகலக்கோண லென்ஸ்களில் வடிவமைப்பாளர்கள் இதற்காகத் தனியாக மெனக்கெடுகிறார்கள். மூன்றாவது காரணம் நாமே மாட்டுவது. விடியற்காலை கடலைப் பட்டுப்போல மழுக்கிக் காட்ட ஒளியைக் குறைக்கிற என்டி ஃபில்டர், அதற்குமேல் பளபளப்பைக் குறைக்கிற போலரைசர் என்று அடுக்கினால், 16 மில்லிமீட்டர் போன்ற அகலக்கோண லென்ஸில் ஃபில்டரின் வளையமே மூலையில் வந்து நிற்கும். இதை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. ஓரத்தை வெட்டி க்ராப் செய்யலாம், இல்லையென்றால் ஃபில்டரைக் கழற்றிவிட்டு மறுபடி எடுக்கலாம்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். அகலக்கோணத்தில் போலரைசர் போட்டு எடுத்தால் வானத்தில் ஓரிடம் மட்டும் பட்டையாகக் கருநீலம் ஆகும், அதையும் விக்னெட் என்று சிலர் சொல்கிறார்கள். அது விக்னெட் கிடையாது. சூரியனுக்கு 90 டிகிரி திசையில் வான் ஒளியின் முனைவாக்கம் (ஒளி அலைகள் ஒரே தளத்தில் அதிர்வது) மிகுதி, ஃபில்டர் அந்தப் பகுதியை மட்டும் அதிகமாக மங்கச் செய்கிறது. அந்தந்த லென்ஸின் குறையை மென்பொருள் தானாகச் சரிசெய்கிற லென்ஸ் ப்ரொஃபைல் திருத்தம் போட்டாலும் அது அசையாது.

கையால் போடுகிற விக்னெட்டின் நோக்கமே வேறு. வெளிச்சமான இடத்துக்குத்தான் பார்வை முதலில் போகும், ஓரத்தைக் கொஞ்சம் அடக்கினால் பார்வை படத்தைவிட்டு வெளியே ஓடாது. இருட்டறைக் காலத்திலும் அச்செடுக்கிறவர்கள் தாளின் நடுவைக் கையாலோ அட்டையாலோ மறைத்து ஓரத்துக்கு மட்டும் கூடுதல் ஒளி கொடுத்து இதைச் செய்தார்கள், அச்சுத் தாளில் ஒளி கூடினால் அந்த இடம் கறுக்கும். ஆனால் நம் கடற்கரைப் படங்களில் இது சட்டென்று காட்டிக்கொடுத்துவிடும். தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையின் காலைப் படத்தில் பாதிக்குமேல் வெளிறிய வானமும் கடலும்தான் இருக்கும், ஒரே சீரான நிறத்தில் மூலை மட்டும் கறுத்தால் அழுக்குப் படிந்ததுபோலத் தெரியும். போதாக்குறைக்கு இது கிழக்குக் கரை, சூரியன் கடலிலிருந்து எழுந்து படத்தின் ஒரு மூலைக்கு அருகில் நிற்கும்போது, படத்தின் நடுவை மையமாக வைத்த விக்னெட் அந்தச் சூரியனையே மங்கவைக்கும். ஒளி வருகிற திசையில் இருட்டைப் போடுவது எனக்குச் சரியாகவே படவில்லை. அந்த இடத்தில் மென்பொருளின் விக்னெட் ஸ்லைடரை நகர்த்துவதைவிட, திருத்தம் எங்கே விழ வேண்டும் என்று குறிக்கிற வட்ட மாஸ்க் எடுத்துப் படகைச் சுற்றி வைத்து, வெளிப்பகுதியை மட்டும் கால் ஸ்டாப், அரை ஸ்டாப் குறைத்தால் போதும். பிச்சாவரத்தில் கதை மாறும். சுரபுன்னைக் கிளைகள் இருபக்கமும் வளைந்து வாய்க்காலை மூடியிருக்கிற இடத்தில் காடே ஓரத்தை இருட்டாக வைத்திருக்கிறது, அதற்குமேல் நாம் எதையும் போடத் தேவையில்லை. போட்டால் வேர்களின் விவரம்தான் தொலையும்.

தமிழுக்கு வருவோம். ஒரு பிறமொழிச் சொல்லுக்கு ஒரு தமிழ்ச் சொல் என்று கணக்கு வைத்தால் பழைய குழப்பம் தமிழிலும் தொடரும், அதனால் மூன்று சொற்கள் வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். லென்ஸோ ஃபில்டரோ உண்டாக்குவது மூலையிருட்டு. ஸ்டுடியோ படங்களில் வெள்ளையாகத் தேய்வது ஓரக்கரைவு. நாமே வேண்டுமென்று போடுவது ஓரக்கருக்கல். கருக்கல் என்பது புதிய சொல் இல்லை, ‘கருக்கல்ல எழுந்து போனான்’ என்று விடியும் முன்பான மங்கலைச் சொல்கிறோமே, அதேதான். முழு இருட்டும் இல்லாத, வெளிச்சமும் இல்லாத அந்த அளவுதான் நல்ல விக்னெட்டுக்கும் அளவு. கொடிக்கருக்கில் உள்ள கருக்கு வேறு சொல், ஒலி மட்டும் பக்கத்தில் நிற்கிறது, அதனால் இரண்டையும் ஒரே வேர் என்று யாரும் முடிச்சுப் போட வேண்டாம். ‘ஓர மங்கல்’ என்றும் சொல்லலாம்தான், ஆனால் மங்கல் என்றால் தெளிவு குறைந்து கலங்கலாகத் தெரிவதையும் குறிக்கும், இங்கே குறைவது வெளிச்சம் மட்டும்.

பிரித்துச் சொல்வதில் வேலை சார்ந்த பயனும் உண்டு. மூலையிருட்டு என்றால் முதலில் ப்ரொஃபைல் திருத்தம் போட வேண்டும், அது மூலையை வெளிச்சமாக்கும்போது அங்கே புள்ளி புள்ளியாகத் தெரிகிற இரைச்சலும் கூடும் என்பதால் அளவு பார்க்க வேண்டும். ஓரக்கருக்கல் என்றால் க்ராப் முடிந்த பிறகு, கடைசியில். க்ராப்புக்கு ஏற்ப விக்னெட் தானாக மாறாத மென்பொருளில் வரிசை மாறி, போட்ட பிறகு ஒரு பக்கத்தை வெட்டினால், இருட்டு ஒரு மூலையில் கூடுதலாகவும் எதிர் மூலையில் குறைவாகவும் நிற்கும். ‘விக்னெட் சரியில்ல’ என்று சொன்னால் படம் எடுத்தவர் திணறுவார். ‘மூலையிருட்டை எடுத்துட்டு, அப்புறம் இடது பக்கம் மட்டும் லேசா ஓரக்கருக்கல் கொடுத்துப் பாருங்க’ என்றால் எந்தப் பகுதியைத் திறந்து எதை நகர்த்த வேண்டும் என்பது வரைக்கும் அவருக்குத் தெரிந்துவிடும்.