சால்ட்டர்ன்: உப்பளமா, உப்புக் காய்ச்சிடமா?

இங்கிலாந்தின் கிழக்குக் கரையிலுள்ள லிங்கன்ஷயர் சதுப்பு நிலத்தைப் பற்றிய தொல்லியல் எழுத்துகளில் 'சால்ட்டர்ன்' என்னும் சொல் அடிக்கடி வருகிறது. இதை 'உப்பளம்' என்று பெயர்க்கவே கை போகும். ஆனால், அப்படி எழுதினால் தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் வெயிலில் வெளுத்துக் கிடக்கும் பாத்திகளே படிப்பவர் கண்முன் வரும். இடைக்கால இங்கிலாந்தின் சால்ட்டர்னில் உப்பை விளைவித்தது வெயிலன்று, நெருப்பு.

சொல்லின் பிறப்பே இதைக் காட்டிவிடுகிறது. பழைய ஆங்கிலத்தில் 'செயால்ட்' என்றால் உப்பு, 'ஆர்ன்' என்றால் வீடு அல்லது கட்டடம். இரண்டும் சேர்ந்தே 'சால்ட்டர்ன்' ஆயிற்று. தானியக் களஞ்சியத்தைக் குறிக்கும் 'பார்ன்' என்ற சொல்லும் 'வாற்கோதுமை வீடு' என்னும் பொருளில் இதே வழியில் பிறந்ததுதான். 1086இல் தொகுக்கப்பட்ட டூம்ஸ்டே நிலப் பதிவேடு இவ்விடங்களை லத்தீனில் 'சலினா' என்று குறிக்கிறது. அதில் உப்பு மட்டும் இருக்கிறது, வீடு இல்லை. மக்கள் நாவில் வழங்கிய சொல்லே தொழிலின் உண்மையைக் காத்து வைத்திருக்கிறது.

வீடு ஏன் வேண்டியிருந்தது? ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பே உண்டு; அந்த நீரை அப்படியே காய்ச்சினால் விறகு கட்டுப்படியாகாது. அதனால், கடல் வழக்கத்தைவிட உயர்ந்து ஏறும் நாள்களில் நனைந்து, கோடை வெயிலிலும் காற்றிலும் உலர்ந்து, உப்புப் பூத்த வண்டல் மணலை முதலில் சுரண்டி எடுத்தனர். களிமண் பூசி, அடியில் புல்லோடு பெயர்த்த மண்கட்டிகளைப் பரப்பிய குழியில் அந்த மணலை இட்டுக் கடல்நீரை ஊற்றினால், அடியில் கெட்டியான உப்புநீர் வடியும். அதில் முட்டை மிதந்தால் பதம் சரி. பிறகு அதை ஈயத் தட்டுகளில் ஊற்றி, சதுப்பில் வெட்டிய, மக்கிய தாவரங்களாலான கரிமண்ணை (பீட்) எரித்து, கூரையின் கீழ் காய்ச்சினர்.

உப்பு நீங்கிய மணலைப் பக்கத்திலேயே கொட்டினர். ஆண்டுதோறும் கொட்டியது மேடாக உயர்ந்தது. மேடுகள் பெருகப் பெருக, கடலோரம் கிழக்கே தள்ளிப் போனது. லிங்கன்ஷயரின் மார்ஷ்சேப்பல் ஊரைச் சுற்றி இம்மேடுகள் இன்றும் தெரிகின்றன. அத்தகைய ஒரு மேட்டை வெட்டிப் பார்த்தால், வெளிர் வண்டல் அடுக்குகளுக்கு நடுவே சாம்பல் கோடுகளும் கரித்துணுக்குகளும் தீயில் சிவந்த களிமண்ணும் வரிவரியாகக் கிடக்கும். ஈயத்தை உருக்கி மறுபடியும் பயன்படுத்திவிட்டதால் தட்டுகள் அரிதாகவே அகப்படுகின்றன. பிரான்சின் பூர்னெஃப் விரிகுடாவிலிருந்து வெயிலில் விளைந்த மலிவான உப்பு வந்து குவிந்தபோது இத்தொழில் நலிந்தது.

தமிழில் 'அளம்' பழஞ்சொல். உப்பு விளைப்போரை 'அளவர்' என்றனர். அகநானூற்றின் 140ஆம் பாடல் 'இருங்கழிச் செறுவின் உழாஅது செய்த வெண்கல் உப்பின்' என்கிறது. 'செறு' என்பது வயல். நம் உப்பு வயலில் விளைவது, அவர்கள் உப்பு வீட்டில் காய்ச்சப்பட்டது. உவர்மண்ணைக் கரைத்து வடித்து உப்பெடுக்கும் முறை நம்மிடமும் இருந்தது என்றாலும், அளம் என்ற சொல் அதைச் சுட்டுவதில்லை. சொல்லுக்குச் சொல்லாக 'உப்பில்லம்' என்றால், காதில் 'உப்பில்லா' என்றே விழும். எனவே 'உப்புக் காய்ச்சிடம்' என்பதே பொருந்தும் என்று கருதுகிறேன். கட்டடத்தை மட்டும் குறிக்க 'உப்புக் காய்ச்சுக் கொட்டில்' எனலாம். வெயிலில் விளையும் இடத்துக்கு உப்பளம் அப்படியே இருக்கட்டும்.

அந்த மேட்டையும் 'உப்புமேடு' என்று எழுதலாகாது, அது அம்பாரமாகக் குவித்த உப்பைக் குறித்துவிடும். உப்பை வடித்தபின் எஞ்சிய மண் அது. ஆகவே 'உப்புச் சக்கைமேடு' என்பதே சரி.